சாப்பிடாத மீன்

குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டில் எங்களுடன் மாமாவும் மாமியும் இருந்தார்கள். மாமா அம்மாவின் தம்பி. அந்த ஆண்டு மாமி நிறைமாதமாக மருத்துவமனைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார். பிள்ளை சாமியிடம் போய்விட்டது என்று எனக்குச் சொன்னார்கள். மாமி வார்டில் கிடந்தபோதே அப்பாவும் மாமாவும் அடக்கத்தை முடித்துவிட்டு வந்திருந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும், "வயசு இருக்கு, அடுத்தது வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாமியின் தட்டில் போட்ட சோறு தட்டிலேயே காய்ந்தது.

பிறகு ஒருநாள் மாமா கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி வந்து சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்தார். முதலாளியின் லாரியில் கடற்கரைக்குப் போய், டின் டின்னாகக் கடல்நீர் கொண்டுவந்து நிரப்பினார். கடையில் வாங்கிய ஒரே ஒரு வண்ணத்துப்பூச்சி மீனை அதில் விட்டார். வெள்ளை உடம்பில் ஆரஞ்சுப் பட்டைகள், இடுக்கி போல நீண்ட வாய், வால் பக்கம் கண்ணைப் போலவே ஒரு கறுப்புப் பொட்டு. மாமி நாற்காலியைத் தொட்டியின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அந்த மீனும் சாப்பிடவில்லை. காய்ந்த இறால் போட்டோம், புழு போட்டோம். கிட்டே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. உயிரோடு இருக்கும் கெராங் சிப்பியைப் பிளந்து வைத்தால்தான் கொத்தும் என்று மீன்கடைக்காரர் சொல்லிவிட்டார். ஆனால் அதற்குள் புரட்டாசி பிறந்திருந்தது. எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட வராது. மாமா அம்மாவிடம் கேட்கப் பயந்து, மீன் மெலிந்துகொண்டே வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலையில் அம்மா தலைக்குக் குளித்துவிட்டு என்னைத் தேக்கா மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனார். கீரை வாங்கினார், தேங்காய் வாங்கினார். பிறகு சிப்பிக்கடையில் போய் நின்றார். கடைக்காரர் சிரித்தார்.

"என்னக்கா, புரட்டாசி சனிக்கிழமையிலயா?"

"எங்களுக்கு இல்ல" என்றார் அம்மா.

சிப்பியை அம்மாவே கத்தியால் பிளந்தார். பாத்திரம் கழுவும் தொட்டியில் அதன் ரத்தம் சிவப்பாக ஓடியது. பாதிச் சிப்பியைத் தண்ணீருக்குள் இறக்கி வைத்துவிட்டு எல்லாரும் காத்திருந்தோம். மீன் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு அந்த நீண்ட வாயால் ஒரு கொத்து கொத்தியது.

"சாப்பிடுது அண்ணி" என்றார் மாமி.

அம்மா சோற்றுத் தட்டை மாமியின் கையில் கொடுத்தார். மீனைப் பார்த்துக்கொண்டே மாமி பாதிச் சோறு சாப்பிட்டார். பள்ளிக் கேண்டீனில் மீன் உருண்டை தின்றதற்கு அதே வாரம் திட்டு வாங்கியவன் நான். மீனுக்கு மட்டும் என்ன சலுகை என்று கேட்டேன். அம்மா கத்தியை மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

தீபாவளி நெருங்கும்போது மீன் செத்துப்போனது. பத்திரமாக வளர்த்தாலும் அந்த வகை வீட்டுத் தொட்டியில் நிலைப்பது அரிது என்று மீன்கடைக்காரர் பிறகு சொன்னாராம். மாமா அதை எடுத்துப் போடப் போனார். மாமி விடவில்லை. அலமாரியைத் திறந்து, பிள்ளைக்கென்று ஓரம் தைத்து வைத்திருந்த வெள்ளைத் துணி ஒன்றை எடுத்தார். மீனை அதில் சுற்றிக்கொண்டு என்னுடன் கீழே இறங்கினார். புளோக்குக்குப் பின்னால் இருந்த மரத்தடியில் தன் கையாலேயே குழி தோண்டினார். மண்ணை மூடிய பிறகும் எழுந்திருக்கவில்லை. வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு குரலில் அழுதார். பயந்துபோய் அண்ணாந்து பார்த்தேன். மேலே வராந்தாவில் மாமா இறங்கி வரப் புறப்பட, அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்துவது தெரிந்தது.

யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நானே சொன்னேன்.

"அழாதீங்க மாமி. வேற மீன் வாங்கிடலாம் லா."

மாமி என்னைப் பார்த்தார். கோபமே இல்லை.

"எனக்கு இதுதான்டா வேணும்."

கடையில் இதே போலப் பல மீன்கள் இருந்தன. பட்டைகூட மாறாது. ஒருமுறை கூட்டிப் போய்க் காட்டினால் மாமிக்கே புரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டே அவர் பின்னால் படியேறினேன்.