மூன்றாம் தரம் கேட்கவில்லை

குணரத்தினத்தை வீழ்த்தியவன் நான். சண்டையால் அல்ல, வாக்கெடுப்பாலும் அல்ல... கூட்ட நடைமுறையால்!

கூட்ட அறிக்கையைப் பார்த்தால் உங்களுக்குக் குற்றம் எதுவும் தெரியாது. அதுதானே என் திறமை!

யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவருக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பித்தவன் நான். உரோமின் முதல் பேரரசன் ஒகஸ்டஸ் எப்படி ஆண்டான்? மன்னன் என்ற பெயர் வேண்டாம் என்றான். சர்வாதிகாரிப் பதவியும் வேண்டாம் என்றான். அதிகாரத்தைத் திருப்பித் தருகிறேன் என்று செனற் சபையில் நின்றான், சபை கெஞ்சியது, மனமில்லாதவன்போல வாங்கிக்கொண்டான். பழைய குடியரசின் சபையும் தேர்தலும் அப்படியே இருந்தன. ஆட்சி மட்டும் அவன் கையில்!

மாணவர்கள் சிரிப்பார்கள். நம் சங்கங்களிலும் இதுதானே வழக்கம்... தலைவர் பதவிக்குப் பெயர் சொன்னால் மரியாதை தெரிந்தவர் இரண்டு தரம் மறுக்க வேண்டும். மூன்றாம் தரம் கேட்டதும் எழுந்து கும்பிட வேண்டும்.

நான் லண்டனுக்கு வந்தபின், எண்பதுகளில் பிளேஸ்டோவில் எங்கள் தமிழ் மன்றம் தொடங்கியது. குணரத்தினம், எங்களுக்குக் குணம், பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்து, சிவந்த கண்ணோடு வந்து தேவாலய மண்டபத்தில் கதிரை அடுக்குவார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி அவர் உண்டாக்கியது. அவருக்கு உயிர் அதுதான். அவர் தலைவர். நான் செயலாளர், மன்றத்தின் சட்டவிதிகளை, அதன் யாப்பை, எழுதியவன். சனமோ அவரைத்தான் தேடியது. என் யாப்பை ஒருவரும் வாசிக்கவில்லை! எரிச்சல்... இப்போதும்தான்.

சில வருடங்களுக்குப் பின் ஓர் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் அவர் பெயரை முன்மொழிந்தார்கள். தேர்தலை நடத்தியவன் நான்.

“எனக்கு வேண்டாம். வேற ஆக்களைப் போடுங்கோ,” என்றார் குணம், ஒவ்வொரு வருடமும் சொல்வதுபோலச் சிரித்துக்கொண்டு.

“அவர் மறுத்திட்டார். சபை அதை ஏற்குது. அடுத்த பெயர்?” என்றேன்.

பாதி எழுந்த குணம் நிமிரவும் இல்லை, உட்காரவும் இல்லை. யாரோ இருமினார்கள். ஆட்சேபிக்கும் முறை ஒருவருக்கும் தெரியவில்லை! நான் பேசிவைத்திருந்த சாதுவான டொக்டர் ஒருவர் தலைவரானார். எனக்குப் பதவியே வேண்டாம் என்றேன். கெஞ்சிப் ‘போஷகர்’ என்று கௌரவப் புரவலர் ஆக்கினார்கள். அதன்பின் என் தலையசைப்பின்றி ஒரு தேநீர்கூட ஊற்றப்படவில்லை.

ஒகஸ்டஸாவது வீதி போட்டான், நகருக்கு நீர் கொண்டுவந்தான். நான்? நடந்துகொண்டிருந்த பள்ளிக்குத் துணைக்குழுக்கள் போட்டேன்... பள்ளி நின்றது. குணம் மண்டபப் பக்கமே வரவில்லை.

தொண்ணூறுகளில் ஒருநாள் லூயிஷாம் கோயில் வாசலில் எதிர்ப்பட்டார்.

“மாஸ்டர், இன்னொருக்காக் கேட்டிருக்கலாம்.”

“யாப்பில அப்பிடி இல்லை, குணம்.”

ஆம், அதையும் சொன்னேன்! அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் இறந்தபோது அஞ்சலியுரைக்கு என்னை அழைத்தார்கள். வேண்டாம் என்றேன். மறுபடி கேட்டார்கள், மறுத்தேன். மூன்றாம் தரமும் கேட்டார்கள்.

எழுந்து போய், அவர் பதவியை விரும்பாத மனிதர் என்று பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.