மொலிமோ ந்துசே கணவாயும் என் பாஸ்போர்ட்டும்

காலை ஆறரை மணி. மசேரு நகரில் என் மைத்துனர் வீட்டு வாசலில் ஒரு லேண்ட் ரோவர் உறுமிக்கொண்டு நின்றது. நான் பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, அதைச் சட்டைப் பையில் போடுவதா, சாக்ஸுக்குள் செருகுவதா, வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதா என்று தெரியாமல் நின்றேன்.

என் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. லெசோத்தோ என்கிற இந்தக் குட்டி மலைநாட்டுக்கு நாலு பக்கமும் தென்னாப்பிரிக்காதான். நம்முடைய இந்திய பாஸ்போர்ட்டிலோ, நிறவெறி ஆட்சி நடக்கிற தென்னாப்பிரிக்கா நீங்கலாக மற்ற தேசங்களுக்குப் போகலாம் என்று எழுதியிருக்கிறது. அதற்காகவே சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லிஸ்பன், மாபுட்டோ என்று ஊரைச் சுற்றி வந்தோம். கடைசிச் சின்ன விமானம் தென்னாப்பிரிக்காவின் மேலேதான் பறந்தது. கீழே பார்க்காவிட்டால் போகாத கணக்கு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இதற்கு மேல், சான் பிரான்சிஸ்கோ பக்கம் நாங்கள் குடியிருக்கும் சன்னிவேலில் எனக்கு கிரீன் கார்டு ப்ராசஸில் இருந்தது. கிளம்பும் முன் லாயர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: திரும்பி வரும்போது பாஸ்போர்ட்டில் வில்லங்கமாக எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் ஏர்போர்ட்டிலேயே கேள்வி வரும், வேலையும் வீடும் அந்தரத்தில் தொங்கும்.

"மாப்ள, நீங்க போறது கிழக்கால. பக்கத்துல இருக்கிற பார்டர் மேற்கால," என்றார் மைத்துனர். பாளையங்கோட்டைக்காரர். மசேருவில் கணக்கு வாத்தியார்.

"கிழக்கேயும் பார்டர் இருக்கே, அத்தான்?"

"இருக்கு. அங்க போய்ச் சேர இந்த ரோட்டுல ரெண்டு நாள் ஆவும். நீங்க ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துருவீங்க."

"ஏறுங்க," என்றாள் என் மனைவி ஸ்டெல்லா, ஏற்கெனவே வண்டிக்குள் உட்கார்ந்தபடி. "எங்க அண்ணன் இத்தனை வருஷமா இங்க இருக்காரு. அவரை யாரும் தூக்கிட்டுப் போகலை. உங்களையா தூக்கப் போறாங்க?"

பாஸ்போர்ட் சட்டைப் பைக்குப் போயிற்று.

ஓட்டுநரும் வழிகாட்டியும் ஒருவரே: தாபோ. முப்பது வயது, சுத்தமான ஆங்கிலம், தோளில் கனத்த கம்பளி. மதியச் சாப்பாடு சேர்த்து இருவருக்கும் அந்த நாட்டுப் பணத்தில் அறுபது மலோட்டி. ஊரைத் தாண்டியதும் தார் ரோடு சரளையாயிற்று. சரளை, சற்று நேரத்தில் வெறும் அபிப்பிராயமாயிற்று. சன்னிவேலிலிருந்து சாண்டா குரூஸ் போகும் ஹைவே பதினேழைத்தான் நான் அதுவரை மலைப்பாதை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இனிமேல் சொல்ல மாட்டேன்.

எட்டரை மணிக்கு முதல் கணவாய். ஒன்பதரை மணிக்கு இரண்டாவது. கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேல். பெயர் மொலிமோ ந்துசே.

"அப்படின்னா என்ன அர்த்தம், தாபோ?"

"கடவுளே என்னைக் காப்பாற்று."

"இது கணவாயோட பேரா, டிரைவரோட பிரார்த்தனையா?"

"இறங்கும்போது இரண்டும்தான், சார்."

கணவாயின் மறுபுறம் ரோட்டை விட்டு இறங்கி ஓர் ஓடைக்குள்ளேயே ஓட்டினார். திருப்பம் ஒவ்வொன்றிலும் எனக்குத் திசை மாறியது. சூரியன் இடப்பக்கம் இருந்தது. பிறகு வலப்பக்கம். பிறகு பின்னால். நாங்கள் கிழக்கே போகிறோமா, தெற்கே போகிறோமா, தென்னாப்பிரிக்காவுக்கே போய்விட்டோமா என்று தெரியவில்லை. வட துருவம் கீழே இருக்கிற மாதிரி இருந்தது.

அந்த நிலையில்தான் பாதைக்குக் குறுக்கே ஒரு கழி. அதன் அருகே குதிரைமேல் கம்பளி போர்த்திய ஒருவர். கையை உயர்த்தி வண்டியை நிறுத்தினார்.

"பார்டர்," என்றேன்.

"பேசாம இருங்க," என்றாள் ஸ்டெல்லா.

பேசாமல்தான் இருந்தேன். கைதான் இருக்கவில்லை. பாஸ்போர்ட்டைத் திறந்து ஜன்னல் வழியே நீட்டிவிட்டது. குதிரைக்காரர் அதை வாங்கிப் புகைப்படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாபோவிடம் ஏதோ சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பின்னாலிருந்து ஒரு நூறு ஆடுகள் பாதையைக் கடந்து போயின. கழியைத் தூக்கினார். அவ்வளவுதான் விஷயம்.

"என்ன சொன்னார்?"

"இந்தப் படம் எடுத்தபோது உங்களுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்."

பதினொரு மணிக்குக் கிராமம். சரிவில் பதினைந்து இருபது வட்ட வீடுகள், கல் சுவர், புல் கூரை. வருகிறவர்கள் யாராக இருந்தாலும் முதலில் ஊர்த் தலைவரைப் பார்த்து வணக்கம் சொல்ல வேண்டும் என்பது இந்த நாட்டுப் பசோத்தோ மக்களின் வழக்கம். இங்கே தலைவர் ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். பெண்களை மரியாதையாக 'மே' என்று அழைக்க வேண்டும் என்று தாபோ சொல்லிக் கொடுத்திருந்தார்.

வீட்டுக்குள் ஆண்களுக்கு வலப்பக்கம், பெண்களுக்கு இடப்பக்கம். இதையும் சொல்லித்தான் இருந்தார். நான் இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன். இரண்டு பாட்டிமார்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஸ்டெல்லா கண்ணாலேயே என்னை எழுப்பி வலப்பக்கம் அனுப்பினாள்.

வலப்பக்கம் ஒரு சின்ன மேஜை இருந்தது. அதன்மேல் ஒரு ரப்பர் ஸ்டாம்பு, ஊதா மைப்பெட்டி.

இந்த இடத்தில் வாசகர்கள் என்னைக் கொஞ்சம் அனுதாபத்தோடு பார்க்க வேண்டும். நாம் எப்படி வளர்ந்தவர்கள்? பள்ளிக்கூடச் சான்றிதழுக்கு அட்டெஸ்டேஷன், சாதிச் சான்றிதழுக்கு தாசில்தார், ரேஷன் கார்டுக்கு இன்னொருவர். சீல் இருக்கிற மேஜை முன்னால் வெறுங்கையோடு நின்றதாக நமக்கு ஞாபகமே கிடையாது. இடுப்பு தானாக வளையும், கை தானாக எதையாவது நீட்டும். என் கை பாஸ்போர்ட்டை நீட்டியது. இந்த முறையும் யாரும் கேட்கவே இல்லை.

தலைவி அதை இரண்டு கையாலும் வாங்கிப் புரட்டினார். தாபோவிடம் ஏதோ கேட்டார். தாபோ என்னிடம், "இதில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்," என்றார்.

எனக்கே தெரியாது. மரியாதையாகத் தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஏங்க, வேண்டாம்னு சொல்லுங்க," என்றாள் ஸ்டெல்லா தமிழில்.

"எப்படிச் சொல்றது? தப்பா நினைப்பாங்களே."

"லாயர் தப்பா நினைக்க மாட்டாரா?"

தலைவி ஸ்டாம்பின்மேல் வாயால் ஊதினார். அமெரிக்க விசாவுக்கு நேர் எதிர்ப் பக்கத்தில் அழுத்திக் குத்தினார். போதாதென்று பேனாவை எடுத்து, அடியில் ஒரு வரி பொறுமையாக எழுதினார். அறையில் இருந்த அத்தனை பேரும் திருப்தியாக முனகினார்கள். ஊதாச் சீல் காயாமல் பளபளத்தது. என் கண்ணெதிரே சன்னிவேல் அப்பார்ட்மெண்ட் காலியாகிக்கொண்டிருந்தது.

பிறகு சாப்பாடு வந்தது. பாபா என்கிற மக்காச்சோளக் களி, பொடியாக நறுக்கி வதக்கிய கீரை. நம் ஊர்க் களியைவிட வெளுப்பு, அதைவிடக் கெட்டி. கவலையில் எனக்கு ஒன்றுமே இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டதை ஸ்டெல்லா எண்ணிவிட்டாள்.

இரண்டு மணிக்குத் திரும்பினோம். மழை பிடித்துக்கொண்டது. கணவாய் உச்சியில் தாபோ எஞ்சினை ஆறவிட்டபோது பாஸ்போர்ட்டை அவரிடம் நீட்டினேன்.

"என்ன எழுதியிருக்கு? உண்மையைச் சொல்லுங்க."

படித்தார். வாயைப் பொத்திக்கொண்டார். "இது ஆடு மாடு விற்கும்போது தலைவர் கொடுக்கிற சீட்டில் எழுதுகிற வரி, சார். மலையில் கால்நடைத் திருட்டு அதிகம். சீல் இல்லாமல் ஓட்டிப் போனால் பிடித்துவிடுவார்கள்."

"சரி, என்ன எழுதியிருக்கு?"

"'இது திருடப்பட்டது அல்ல.'"

ஸ்டெல்லா கணவாய் முழுக்கச் சிரித்தாள்.

"என்னைப் பார்த்தா ஆடு மாதிரியா இருக்கு?"

"அவரிடம் இருப்பது அந்த ஒரு சீல்தான், சார். நீங்கள் அவ்வளவு ஆசையாகக் கேட்டீர்கள். இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை."

அடுத்த வாரம் சான் பிரான்சிஸ்கோ. விமானத்தில் வழியெல்லாம் நான் பதில்களை ஒத்திகை பார்த்தேன்: இது கலாச்சார நினைவுப் பொருள், இது மைக்கறை, இது என்னவென்று எனக்கே தெரியாது. மூன்றாவதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் இருந்தது.

இமிக்ரேஷன் அதிகாரி நரைத்த மீசைக்காரர். விசாப் பக்கத்தைத் திறந்தார். எதிர்ப் பக்கத்தில் கண் நின்றது. புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எந்த நாட்டு விசா?"

ஒத்திகை பார்த்த மூன்றும் மறந்துபோயின. மிச்சம் இருந்தது உண்மை மட்டும்தான். "விசா இல்லை, சார். ஆட்டுக்குக் கொடுக்கிற சான்றிதழ். லெசோத்தோவில் ஒரு கிராமத் தலைவி கொடுத்தது. என்னை யாரும் திருடிக்கொண்டு வரவில்லை என்று எழுதியிருக்கிறது."

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா பக்கம் திரும்பினார்.

"மேடம், இவர் உங்களுடையவர்தானா?"

ஸ்டெல்லா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். இத்தனை வருஷக் கல்யாணத்தில் அவள் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. வரிசையில் பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.

"ஆமாம்," என்றாள் கடைசியில். "என்னுடையவர்தான்."

அதிகாரி தன் ஸ்டாம்பை எடுத்துக் குத்தினார்.