குடிக்காதவனின் ஈரல்

என் ஈரலை நானே பார்த்திருக்கிறேன். ஊசியால் குத்தி எடுத்த நூல் துண்டு போன்ற சதையை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டியிருந்தார்கள். நோயாளிக்கு அதைக் காட்டும் வழக்கமில்லை. நானாகத்தான் மாத்தளையிலிருந்த ஆய்வுகூடத்துக்குப் போய்க் கேட்டேன்.

காரணம் என் மனைவி. மகளின் பிரசவத்துக்காகக் கொழும்புக்குப் போனவள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கிவிட்டாள். எல்கடுவவில், தேயிலைத் தோட்டப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியருக்கான குவார்ட்டர்ஸில் நான் மட்டும். பாடசாலை விட்டால் மறுநாள் காலை வரை பேச ஆள் கிடையாது. ரேடியோவை அணைப்பதே இல்லை. ஸ்கேனில் ஈரல் பழுதாகியிருப்பது தெரிந்ததும் முதலில் அவளுக்குத்தான் போன் எடுத்தேன்.

"நான் இங்க வந்த பொறகு குடிக்கத் தொடங்கிட்டீங்களா?" என்றாள்.

சாராயத்தை நான் வாயில் வைத்ததே இல்லை. எனக்கு இருந்ததெல்லாம் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. ஆனால் அவளுடைய அப்பா குடித்துக் குடித்து ஈரல் கெட்டு இறந்தவர். அவளுக்குத் தெரிந்த ஈரல் நோய் அது ஒன்றுதான். எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவில்லை.

ஆய்வுகூட டொக்டர் மாத்தளை டவுனைச் சேர்ந்த முஸ்லிம் பெண். முதலில் தயங்கினார். பிறகு நுணுக்குக்காட்டிக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"இந்த வெள்ளை வட்டமெல்லாம் கொழுப்பு, சேர். இங்க பாருங்க, சில செல் ஊதிப்போய் இருக்கு. இந்த நீல நாருதான் தழும்பு. இது கூடி ஒண்டோட ஒண்டு சேர்ந்தா ஈரல் சுருங்கிரும். உங்களுக்கு இன்னம் அந்தளவுக்கு வரல்ல."

"நான் குடிக்கிறதில்லைன்னு இதுல தெரியுதா, டொக்டர்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இல்ல சேர். குடிச்சி வந்தாலும் சீனி வருத்தத்தால வந்தாலும் கிட்டத்தட்ட இப்பிடித்தான் இருக்கும். இத மட்டும் வெச்சிப் பிரிச்சிச் சொல்ல ஏலா."

"அப்ப என்னன்னு எழுதுவீங்க?"

"நீங்க குடிக்கிறதில்லண்டு வார்ட்டுல எழுதி அனுப்பியிருக்காங்க. உங்களுக்குச் சீனியும் இருக்கு. அத நம்பித்தான் எழுதுவேன்."

முன்பின் தெரியாத ஒருவர் என் வார்த்தையை இவ்வளவு லேசாக ஏற்றுக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து மனைவிக்குப் போன் எடுத்தேன். நான் குடிக்காதது தெரிந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை.

"அதுல கண்டுபிடிக்க முடியாதாம்" என்றேன்.

"சரி" என்று வைத்துவிட்டாள்.

தீபாவளிக்கு வந்தாள். கடைக்குப் போய்த் திரும்பிய நான், அவள் குசினியில் விறகு அடுக்கைப் பிரித்துப் போட்டுத் தேடிக்கொண்டிருப்பதைக் கண்டேன். அலுமாரிக் கதவும் அரிசி வாளியும் ஏற்கெனவே திறந்து கிடந்தன. தடுக்கத் தோன்றவில்லை. தேடி முடிக்கட்டும் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்தேன்.

"போத்தல் ஒண்ணும் இல்ல" என்றாள் கடைசியில். கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஊசி குத்துன எடம் எது?"

சட்டையைத் தூக்கி, விலா எலும்புகளுக்கு நடுவிலிருந்த சின்ன அடையாளத்தைக் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்குத் தனியாவா போனீங்க?"

"வேற யாரு இருக்கா?"

அவள் அழுதாள்.

தீபாவளி லீவு முடிந்ததும் பேரப்பிள்ளைக்காகத் திரும்பிப் போய்விட்டாள். இப்போது ஒவ்வொரு பின்னேரமும் அவளே போன் எடுத்து, சீனி பார்த்தீங்களா, நடந்தீங்களா என்று கேட்கிறாள். சில நாள் அதற்கு மேல் பேச எங்களுக்கு ஒன்றும் இருக்காது. அப்போதும் போனை வைக்காமல், அந்தப் பக்கம் பிள்ளை அழுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.