"வருவார்" என்று சொன்னது நான்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வருடம் 2003. திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு வாடகை வீடு. நானும் என் மனைவி பவித்ராவும் மட்டும். அவள் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி.

சத்யபிரியா என்ற ஆய்வாளருக்கு நான் கேசட் கேட்டு எழுதிக் கொடுத்து வந்தேன். இரண்டு நாட்டுக் கடற்படையும் சுற்றுகிற எல்லைக் கடலில் மீன் பிடிப்பவர்களின் தெய்வ நம்பிக்கைதான் அவருடைய ஆராய்ச்சி. ஒரு வரி கேட்பேன். நிறுத்துவேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதுவேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கேட்டது, கடற்கரை ஊர் ஒன்றின் அந்தோணியார் கோவில் ஜெபம். எல்லைக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயரை உபதேசியார் வாசிக்கிறார். ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டார் "வருவார்" என்கிறார்கள். உடல் கிடைக்காததால் அரசாங்கம் அவர்களுக்கு இறப்புச் சான்று தரவில்லை. கோவிலும் இரங்கல் பூசை வைக்கவில்லை.

"ராயப்பராஜ்."

பதில் இல்லை. அலைச் சத்தம் மட்டும்.

மறுபடியும்... "ராயப்பராஜ்."

யாரோ இருமினார்கள். அவ்வளவுதான். எனக்குப் பாவமாக இருந்தது. "வருவார்" என்று நானே சொல்லிவிட்டேன்.

பொழுது இறங்கும் நேரம். வாசல் கதவில் ஒரே ஒரு தட்டு. திறந்தேன். யாரும் இல்லை. படி நனைந்திருந்தது.

உள்ளேயிருந்து பவித்ரா கேட்டாள். "பொட்டியோட பேசுனது போதும். போர் பைப்புத் தண்ணிய மிதிச்சுட்டு வந்து வீடெல்லாம் ஈரமாக்கிட்டீகளே."

"நான் வாசல்லதான இருக்கேன்."

"அப்ப அடுப்படிக்குள்ள வந்தது யாரு?"

ஈரத் தடம் என்னைத் தாண்டி உள்ளே போயிருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. எங்கள் தெருத் தண்ணீரும் உப்புத்தான். ஆனால் அதில் கடல் பாசி இருக்காது...

தடம் அவள் பாய் வரை போனது.

திரும்பி வரவில்லை.

மறுநாளும் அதே தட்டு. அதற்கடுத்த நாளும். படுத்தால் முதுகுப் பக்கம் குளிருகிறது என்றாள் பவித்ரா.

சனிக்கிழமை சத்யபிரியாவுக்குப் போன் செய்தேன். ராயப்பராஜுக்கு ஏன் யாரும் பதில் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"அவர் சம்சாரம் வேணும்னுதான் சொல்லலண்ணே. நேத்துதான் பார்த்தேன். 'வருவார்'னு சொல்லிச் சொல்லித்தான் தினம் ஈரத்தோட வந்து பக்கத்துல படுத்தாராம். இவங்க சொல்றதை நிறுத்தியும் அவர் வர்றதை விடலையாம். இந்தச் செவ்வாய்க்கிழமையில இருந்துதான் வரலையாம்."

"அப்புறம்?" என்றேன்.

"வேற யாரோ கூப்பிட்டுக்கிட்டாங்கன்னு அழுதாங்கண்ணே. 'அந்த வீட்ல பிள்ளைத்தாச்சி யாரும் இருந்துடக் கூடாது. என் பிள்ளை வயித்துக்குள்ளயே நீர் குடிச்சுத்தான் போச்சு'ன்னாங்க."