பச்சைப் பட்டை போட்ட கரண்டி

என் அக்கா வீட்டுக்காரர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் பெயின்டர். ஒரு வரியை நேராக எழுத வராது. ஆடு அறுப்பதைப் பார்த்துக் கண் கலங்கி, அன்றே சைவமாகிவிட்டார். அவருக்கும் பிள்ளைகளுக்குமாகத் தனித்தனியாகச் சமைத்து இடுப்பொடிந்தது என்னவோ அக்காவுக்கு.

தன் பாத்திரத்தில் கறி வாடையே படக்கூடாதாம். சட்டி, கரண்டி எல்லாவற்றிலும் பெயின்ட்டால் பச்சைப் பட்டை தீட்டினார் அந்த மகானுபாவர். கரண்டிக்குக் குழியின் உள்பக்கம்வரை தீட்டினார்.

பத்தாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்.

"இவதான் எனக்குத் தெரியாம கறிச்சாறு கலந்துட்டா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

அக்கா, பாதிப் பச்சை உரிந்துபோன கரண்டியைக் கொண்டுவந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மீதி உங்க வயித்துலதான் இருக்கு. பயப்படாதீங்க, பெயின்ட்டும் சைவம்தான்."