பெயர் வைக்காத பொத்தான்கள்

அன்று கூட்டம் உக்குவளையில், ஒரு டியூஷன் வகுப்பறையில் நடந்தது. பஸ்ஸில் போகும்போதே நானும் கணவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு முடிவோடு போய்க்கொண்டிருந்தோம்.

மாத்தளைப் பக்கத்துத் தமிழ்மொழி ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து பள்ளிக்கூடங்களுக்கு மென்பொருள் எழுதுகிறோம். எல்லாமே திறந்த மூலம். யாரும் காசில்லாமல் எடுக்கலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துத் திருத்தலாம். ஆளுக்கொன்றாக எழுதினாலும், பள்ளித் தவணை தொடங்கும்போது எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக, ஒரே நாளில் வெளியிடுவோம். அந்தத் தொகுப்பில் சேர ஒரு கட்டாய நிபந்தனை வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். திரையைப் பார்க்காமல், வாசித்துச் சொல்லும் குரலையும் விசைப்பலகையையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் அதைப் பயன்படுத்த முடிய வேண்டும். முடியாவிட்டால் தொகுப்பில் இடமில்லை.

எனக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. வரலாறு படிப்பிக்கிறேன். பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகளைப் பதியும் மென்பொருளை எழுதியவர் என் கணவர். அதைத் திறந்தால் என் கணினியின் குரல் “பொத்தான், பொத்தான், பொத்தான்” என்று மட்டும்தான் சொல்லும். எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்று அவர் பெயர் வைக்கவில்லை. ஒரு தடவை துணிந்து ஒன்றை அழுத்தினேன். முழு வகுப்பின் புள்ளியும் அழிந்துபோனது. அன்றிலிருந்து நான் சொல்லச் சொல்ல அவர்தான் பதிகிறார். என் பிள்ளைகளின் புள்ளியை நானே போட முடியாத டீச்சர் நான். நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

தலைமை தாங்கிய பல்லேபொலவிலிருந்து வந்த கணித ஆசிரியர் தன்மையாகத்தான் ஆரம்பித்தார். “டீச்சர், இது ஓசியில செய்யிற வேலை. கட்டாயம்னு சொன்னா எழுதுறவங்க ஓடிருவாங்க.”

“எல்லாம் திறந்துதானே கெடக்கு, வேணுங்கிறவங்க திருத்திக்கலாமே,” என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

“சாவிய உள்ள வச்சுப் பூட்டிட்டு, எடுத்துக்கங்கன்னு சொல்றீங்களா?” என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

மாத்தளை டவுனிலிருந்து வந்திருந்த முஸ்லிம் ஆசிரியை மட்டும் என் பக்கம் பேசினார். “இவங்களுக்காவது வீட்டுக்காரர் போட்டுக் குடுக்குறார். அப்படி ஆளில்லாதவங்க என்ன செய்வாங்க?”

என் பக்கத்தில் இருந்த கணவர் எழுந்தார். “அடுத்த தடவை செஞ்சிரலாம். இப்ப நிறுத்தினா, காத்துக்கிட்டு இருக்கிற ஸ்கூல்ல எல்லாம் திரும்பப் புள்ளியக் கையால எழுதணும்.” அதில் உண்மை இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

தலைவர் வாக்கெடுப்பு என்றார். “கட்டாயம் வேணாம்ங்கிறவங்க கையத் தூக்குங்க.”

அறை அடங்கியது. துணி உரசும் சத்தம் மட்டும் இங்குமங்கும். என் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது.

“யார் யார் தூக்கினீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றேன். “வாயால சொல்லுங்க.”

தலைவர், “சரி, ஒவ்வொருத்தரா சொல்லுவோம்,” என்றார். குரலில் வெட்கம் இருந்தது. முன்வரிசையிலிருந்து வேணும், வேணாம் என்று மாறி மாறி எங்களை நோக்கி வந்தது. கணவரின் முறை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வேணாம்.”

என் காதுபடச் சொன்னாரே என்று மெச்சினேன். ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது. கடைசியாக நான் “வேணும்” என்றேன். ஒரே வாக்கில் நிபந்தனை நிறைவேறியது. அவருடைய மென்பொருள் தொகுப்பிலிருந்து விழுந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். “இதுக்கு எதுக்குச் சட்டம்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா செஞ்சு குடுத்திருப்பேனே.”

“மூணு தவணையா சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன்.”

மறுநாள் காலையில் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது, முன்னறையிலிருந்து என் கணினியின் குரல் கேட்டது. “பொத்தான். பொத்தான். பொத்தான்.” நிற்கும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

“ஸ்கிரீன அணைச்சுட்டுப் பாக்குறேன்,” என்று அங்கிருந்தே கத்தினார். “இதுல சேவ் பொத்தான் எது?”

“அதுதான் எனக்கும் தெரியாது,” என்று சொல்லிவிட்டு, நான் அடுத்த பாதித் தேங்காயை எடுத்தேன்.