சங்கிலியில் அடித்த வாள்

பழம்பொருள் கடைக்குப் போனபோது திருவிழாக் கமிட்டித் தலைவரான மாமா இருந்தார், நான் இருந்தேன். தடுத்திருக்கக்கூடிய பங்குச்சாமியார் மட்டும் இல்லை. திருவிழாவுக்கு எங்கள் தேவாலயத்துப் புனிதர் சந்தியாகப்பர் சுரூபத்தின் கையில் பழைய எஃகு வாள் வைக்க வேண்டும் என்பது மாமாவின் ஆசை. பணம் ஊரில் வீட்டுக்கு வீடு பிரித்த வரி. எங்கள் வீட்டில் முதலில் பாலிடெக்னிக் முடித்தவன் என்பதால், ஏமாறாமல் பார்த்துக்கொள்ள என்னை அழைத்திருந்தார்.

கடைக்காரர் மெலிந்தவர். கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். பேசும்போதெல்லாம் வாளில் அலை அலையாய் ஓடிய கோடுகளை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். எதையோ மறைக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

“இது இரும்பையே வெட்டுமாமே அண்ணாச்சி?” என்றார் மாமா.

“அதெல்லாம் கதை. கூர் நல்லா நிக்கும், இரும்புல அடிச்சா ஒடிஞ்சிரும். லாரி வில்லுப் பட்டையில செஞ்ச வாளு இதவிடத் தாங்கும். சுரூபம் யார வெட்டப் போவுது?”

எந்த வியாபாரி தன் சரக்கைத் தானே குறைத்துப் பேசுவான்? “போலி மாமா, அதான் அடிச்சா ஒடியும்னு பயங்காட்டுதாரு” என்று காதோடு சொன்னேன்.

மாமா வாளைப் பிடுங்கி, வாசலில் கிடந்த நங்கூரச் சங்கிலியில் ஓங்கி அடித்தார். வாள் இரண்டாக ஒடிந்தது. சங்கிலியில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

கடைக்காரர் கோபப்படவில்லை. “நெசத்தச் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்காவ தம்பி” என்றார், என்னைப் பார்த்து. நாங்கள் அடிப்போம் என்று தெரிந்தேதான் உண்மையைச் சொன்னாரா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. முழு வாளுக்கான விலையையே வாங்கிக்கொண்டார்: முப்பத்தெட்டாயிரம் ரூபாய்.